இருபத்துமூன்று டம்ளர் தண்ணீர்

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி அச்யுத்துக்கு ராஜகோபாலன் மாமாவின் மனமார்ந்த ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம், எங்கள் ஃபிளாட் போர்வெல் மட்டும் வற்றிவிட்டது. வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் மாமி குடும்பக் குழுவில் போட்டுவிடுவாள் என்பதால் கடிதம்.

புது போர் எங்கே போடுவது என்று பார்க்க நீ அனுப்பிய வரைபட சாஃப்ட்வேரை நம்பி, நல்ல தண்ணீர் வராவிட்டால் செக்ரட்டரி பதவியை விட்டுவிடுகிறேன் என்று ஃபிளாட் சங்கக் கூட்டத்தில் வாயை விட்டுவிட்டேன். ஒன்பது வருஷப் பதவி. நீ சொன்னபடி அக்கம்பக்கத்தில் இருபத்துமூன்று வீடு ஏறி இறங்கி, ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, மீட்டரை விட்டு உப்பை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அளக்காத இடத்தில் என்ன இருக்கும் என்று அதுவே ஊகித்து வண்ணம் தீட்டும் என்றாய், தீட்டியது, ஆனால் எந்த முறையில் ஊகிக்கட்டும் என்று என்னையே கேட்டது, நான் என்னத்தைக் கண்டேன், முதலில் இருந்ததை அமுக்கினேன். அது பக்கத்து வீட்டு அளவை அதிகமாகவும் தூரத்து வீட்டு அளவைக் கொஞ்சமாகவும் நம்புகிற முறையாம். எதிர்வீட்டு ஜலஜா மாமியைச் சுற்றிப் பொட்டு வைத்த மாதிரி ஒரு நீலம் (நீலம் என்றால் உப்பு குறைவாம்), அதன் ஓரம் எங்கள் தலைவர் கருணாகரன் கார் நிறுத்தும் இடத்தில் வந்து நின்றது. "ஏன் சார், என் காரை விட்டுட்டு ஊகிக்கிற முறை ஒண்ணும் இல்லியா?" என்றார்.

இரண்டாவது முறை எல்லா அளவுகளையும் ரப்பர் துணி மாதிரி இழுத்து வளைத்து, வாசல் கேட் அருகே உப்பு மைனஸ் எண்பது என்றது. போர் போடுகிற வெள்ளைத்துரை எட்டிப் பார்த்து, "மைனஸ்னா இன்னா சார்? தண்ணி வந்தா நாமதான் உப்பு போடணுமா?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

மூன்றாவதற்கு கிரிகிங் என்று பெயர். தன் ஊகம் எங்கெங்கே தப்பாகலாம் என்று அதுவே இன்னொரு வரைபடமும் தருகிறது. முப்பத்தாறு வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் தன் தப்பைத் தானே எழுத்தில் கொடுத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அது மல்லிகைப் பாத்தியைக் காட்டியது, கார் பிழைத்தது, கருணாகரன் என்னைக் கட்டிக்கொண்டார். பதினெட்டாம் தேதி கூட்டத்தில் போர் போட ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும். எனக்கு ஒரே சந்தோஷம்.

உனக்கும் ஸஹானாவுக்கும் தீர்க்காயுளும் வற்றாத குழாயும் அமையட்டும்.

இப்படிக்கு,
ராஜகோபாலன் மாமா (செக்ரட்டரி)

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஜலஜா மாமி வந்து போனார். உங்கள் போர் தண்ணீர் மாதிரி வருமா என்று புகழ்ந்தேன். "போர் தண்ணியா? ஆத்துக்கு வந்தவா தண்ணி கேட்டா அதையா குடுப்பா? ஃபில்டர் தண்ணின்னா குடுத்தேன்!" என்றார். பதறிப்போய் மற்ற வீடுகளுக்கு ஓடினேன். சிலர் ஃபில்டர், சிலர் கேன், ஒருவர் வெட்டிவேர் போட்ட பானை. எல்லோரும் மரியாதை தெரிந்தவர்கள். போர் குழாயில் நேராகப் பிடித்து நீட்டியது அடுத்த தெருவில் உன் அம்மா ஒருத்திதான், "நீதானேடா! உனக்கென்ன உபசாரம்?" என்று. ஆகவே என் கையில் இருக்கும் உண்மையான அளவு ஒன்றே ஒன்று. ஒரே ஒரு புள்ளியை வைத்து வரைவதற்கு எந்த முறை நல்லது? பதினெட்டாம் தேதிக்குள் சொல்.