நாற்பது நல்லவர்கள்

நல்லவனாக வாழ விரும்பும் எவரும், அதற்குரிய சான்றிதழை அதற்குரிய அலுவலகத்தில் பெற்ற பிறகே நல்லவனாக வாழத் தொடங்கலாம். இதுதான் விதி. மூன்று தடவை திருடி மூன்று தடவையும் பிடிபட்டதால் 'மாட்டி' என்று பேரெடுத்தவன், ஜெயிலைவிட்டு வந்து ஏழு மாதமாக அந்த அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தான். சான்றிதழ் கிடைத்தால் பேக்கரி வேன் ஓட்டும் வேலை. இல்லாவிட்டால் அக்கா போடும் சோற்றுக்கு அவள் புருஷன் மூஞ்சியைத் தொட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அன்று அங்கே சினிமா ஷூட்டிங். திருந்தி வாழத் துடிக்கும் கைதியின் கதையாம்.

"சார், கைதி வேஷத்துக்கு நான் சரியா இருப்பேன். அனுபவம் இருக்கு."

டைரக்டர் மேலும் கீழும் பார்த்தார். "உன் மூஞ்சில திருட்டுக் களையே இல்லையேப்பா. கைதின்னா தாடி வேணும். ஹீரோ மூணு மாசமா வளர்க்கிறாரு."

"திருடும்போதே என்னை யாரும் மதிக்கல சார்."

"அந்த அதிகாரி நாற்காலியில உக்காரு. நான் கட் சொல்ற வரைக்கும் தலை நிமிராம கையெழுத்துப் போடு."

நிஜ அதிகாரி ஆறு வாரமாக ஆய்வுப் பயணத்தில் இருந்தார். ஹீரோவுக்குத் தாடி அரிக்கிறதென்று படக்குழு மொத்தமும் வெளியே ஓடியது. கட் சொல்ல ஆளில்லை. வரிசையில் நின்ற ஜனம், நாற்காலியில் ஆள் இருப்பதைக் கண்டு முதலில் மிரண்டது. பிறகு மனுவை நீட்டியது. மாட்டி கையெழுத்துப் போட, பியூன் பழக்கதோஷத்தில் முத்திரை குத்தினார். சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் முறைப்படி நல்லவர்கள் ஆனார்கள்.

அடுத்து, மேசையில் மனுக் குவியலின் அடியில் கிடந்த அவனுடைய மனு வந்தது. மாட்டி பேனாவை மூடிவிட்டான். தனக்குத்தானே போட்டுக்கொண்டால் அது திருட்டு. பாழாய்ப்போன மனுஷன் நிஜமாகவே திருந்தித் தொலைத்திருந்தான்.

மறுநாள் அதிகாரி வந்து விசாரணை நடத்தினார்.

"போலின்னு எப்பய்யா கண்டுபிடிச்சே?"

"ஒருத்தரைக்கூட நாளைக்கு வான்னு சொல்லல சார். அப்பத்தான் உறைச்சுது," என்றார் பியூன்.

நாற்பதையும் ரத்து செய்தால் நாற்பது முறை வேலை செய்ய நேரிடும் என்பதால், பொதுநலன் கருதி அவை யாவும் செல்லும் என உத்தரவாயிற்று. மாட்டியின் மனுவுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற நல்லவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ப்பூ, இவ்வளவுதானா? பக்கத்துக் கடை டெய்லரிடம் ஓடினான். நேற்று வரிசையில் நின்றவர். அதற்குள் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்.

"அண்ணே, ஒரே ஒரு கையெழுத்து."

"தப்பா எடுத்துக்காத தம்பி. நான் யோக்கியன்னு இப்பத்தான் கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்கு. உனக்குப் போட்டு அதைக் கெடுத்துக்கச் சொல்றியா?"

மீதி முப்பத்தொன்பது பேரிடம் போகுமுன், மாட்டி அந்தக் கண்ணாடிக்குள் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தான். அவன் போட்ட கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. அதை நம்பி அவனே அந்த டெய்லரை நல்லவர் என்று சொல்லமாட்டான்.