பாரிஸ் பையும் ஐந்து கிலோ கல்லும்

கும்மிடிப்பூண்டிக்கு மகாலட்சுமி வந்து இறங்கிவிட்டாள். அதுவும் பாரிசிலிருந்து. வந்தவள் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. பைபாஸ் ஓரத்துக் கல்யாண மண்டபத்தில், ஒரு பழுப்பு நிறத் தோல் கைப்பைக்குள் குடியேறிவிட்டாள். ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணியிலிருந்து தரிசனம். பையைத் தூக்கிப் பார்க்க ஐந்நூற்றொரு ரூபாய். ரசீது கிடையாது, அருள் உண்டு.

கூட்டமா, கூட்டம்! பொன்னேரியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். காக்களூர் எஸ்டேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர் அடைத்துக்கொண்டு வந்தார்கள். நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வரிசையில் நின்று கொட்டாவி விட்டார்கள். சம்பளத்தில் ஐம்பது ரூபாய் குறைந்தால் ஆபீஸ் வாசலில் சண்டைக்கு நிற்கிறவர்கள், இங்கே ஐந்நூற்றொன்றைச் சிரித்த முகத்தோடு உண்டியலில் போட்டார்கள்.

விஷயம் இதுதான். பாரிசில் மோன்வெலூர் என்று ஒரு கம்பெனி. கைப்பை, கைக்கடிகாரம், சென்ட் செய்து பணக்காரர்களுக்கு விற்கிறது. ஒரு பை நாலு லட்சம். அதன் ஷேரை வாங்கினால் லாபத்தில் ஒரு பங்கு டிவிடெண்டாக வரும். எவ்வளவு வரும் என்று தெரிந்துகொள்ள விவரம் தெரிந்தவன் கம்பெனியின் கணக்கைப் பார்ப்பான். கும்மிடிப்பூண்டியில் அந்தத் தொல்லை இல்லை. டிவிடெண்ட் சித்தர் என்று ஒருவர் இருந்தார். அவர் முன்னால் இருக்கும் பீடத்தில் மோன்வெலூர் பை இருந்தது. உங்கள் பெயரைச் சொல்லிப் பையைத் தூக்க வேண்டும். லேசாக வந்தால் உங்களுக்கு யோகம் இல்லை. கனத்தால் டிவிடெண்ட் கொட்டும். பாரிசில் கோட்டு போட்ட டைரக்டர்கள் கூடி முடிவெடுப்பதெல்லாம் சும்மா. பென்னியின் ராசியைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் கையெழுத்தே போடுகிறார்கள்.

பென்னி என்றேன் அல்லவா, நம் ஆள் அவன்தான்.

பென்னி ஒரு இரும்பு உருக்கும் ஆலையில் மேக்னெட் கிரேன் ஓட்டுகிறவன். ஓட்டை சைக்கிள், உடைந்த எஞ்சின், துருப்பிடித்த கம்பி என்று மலையாகக் குவிந்து கிடக்கும் பழைய இரும்பின் மேல் வட்டமான பெரிய மின்காந்தத்தை இறக்குவான். சுவிட்சைப் போட்டால் உம்ம்ம் என்று ஒரு சத்தம். ஒன்றரை டன் இரும்பு அப்பிக்கொண்டு மேலே வரும். சுவிட்சை அணைத்தால் உலைக்குள் விழும். பன்னிரண்டு வருஷமாக இதுதான் வேலை. காந்தம் என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்லித்தர இனி ஒருவன் பிறந்து வர வேண்டும். அப்பேர்ப்பட்டவன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் புல்லரித்து வீட்டுக்கு வந்தான்.

"சுகி, பை கனத்துடுச்சு! ரெண்டு கையாலயும் இஸ்து பாத்துட்டேன், ஒரு இஞ்ச் நவுரல. சித்தர் இன்னா சொன்னாரு தெரியுமா? இதுவரிக்கும் இவ்ளோ கனம் யாருக்கும் வந்ததில்லியாம்!"

சுகிர்தா, அவன் மனைவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சிப்காட் ரோட்டில் ஒரு எடைமேடையில் அவளுக்கு வேலை. லாரி சரக்கோடு வரும்போது ஒரு எடை, காலியாகத் திரும்பும்போது ஒரு எடை, கழித்துச் சீட்டு கொடுப்பாள். எடையில் ஏமாற்ற எத்தனை வழி உண்டோ அத்தனையையும் செய்து பார்த்த டிரைவர்களை அவள் பார்த்தாகிவிட்டது.

"கனத்துதா, சரி. அதுக்கு இன்னா இப்போ?"

"அடுத்த ஞாயித்துக்கெழம மூணு லட்சம் எடுத்துக்கினு வரச் சொல்லிட்டாரு. மாசம் முப்பதாயிரம் டிவிடெண்டு!"

கத்தி நின்றது. மூன்று லட்சம் என்பது வேப்பம்பட்டு மனைக்கு வைத்திருந்த பணம். ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு துண்டு நிலம். எட்டு வருஷமாக அவள் பட்டுப்புடவை எடுக்கவில்லை, அவன் பைக்கை மாற்றவில்லை. இன்னும் பன்னிரண்டு நாளில் பத்திரப்பதிவு. அன்றைக்குப் பணம் இல்லையென்றால் மனை வேறு ஆளுக்குப் போய்விடும். ஆனாலும் சுகிர்தா கத்தவில்லை. கத்தினால் பென்னிக்குக் காது அடைத்துக்கொள்ளும் என்பது அனுபவம்.

"அந்தக் கம்பெனி ஒரு ஷேருக்கு வருசத்துக்கு எவ்ளோ குடுக்குதுன்னு கேட்டியா?"

"அதெல்லாம் எதுக்கு? பைதான் கனத்துடுச்சே!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கம்பெனியே ஊரறிய வெளியிட்டிருக்கிற விவரம்தான். தேடி எடுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"இங்க பாரு. ஒரு ஷேரு நம்ம காசுல அறுவதாயிரம். வருசத்துக்கு டிவிடெண்டு ஆயிரத்து இரநூறு. மூணு லட்சத்துக்கு அஞ்சு ஷேரு வரும். அஞ்சு ஷேருக்கு ஆறாயிரம். மாசத்துக்கு இல்ல, வருசத்துக்கு! பேங்க்ல சும்மா போட்டு வெச்சாலே இருவத்தோராயிரம் தருவான். உங்க சித்தரு வருசத்துக்கு மூணு லட்சத்து அறுவதாயிரம் தரேன்றாரு. கம்பெனி குடுக்கறது ஆறாயிரம். மிச்சத்தை யார் ஊட்லேருந்து எடுத்துக் குடுப்பாரு?"

"எங்க ஷிஃப்ட் கோபாலுக்கு வந்துதே! ஒரு லட்சம் போட்டான், ரெண்டு மாசமா பத்து பத்தாயிரம் கையில குடுத்தாங்க."

"அது அவனுக்குப் பின்னாடி நின்னவன் போட்ட காசு. நீ போட்டா அவனுக்கு மூணாவது மாசமும் வரும். உனக்கு வரணும்னா உனக்குப் பின்னாடி ஒரு ஏமாளி வரணும்."

பென்னிக்கு முகம் சுருங்கியது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கை இருக்கிறதே, அது கனத்தை உணர்ந்த கை. "கணக்கு பேப்பர்ல இருக்குது சுகி. கனம் என் கைல இருந்துச்சு" என்றான்.

"சரி, பையை எங்க வெச்சு தூக்கின?"

"பீடத்து மேலதான். பீடத்தை உட்டு எறக்குனா லட்சுமி கோச்சுக்குவாளாம்."

லாரி கனக்கிறதென்றால் சுகிர்தா முதலில் லாரியைப் பார்ப்பதில்லை, மேடையைத்தான் பார்ப்பாள். "சரி, ஞாயித்துக்கெழம நானும் வரேன். பணத்தை நானே எடுத்துக்கினு வரேன்" என்றாள். பென்னிக்கு ஒரே சந்தோஷம். அருள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்று நினைத்தான், பாவம்.

ஞாயிறு வந்தது. மண்டபத்தில் இடம் இல்லை. மேடையில் சித்தர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதி, கழுத்தில் சிலுவை, கையில் பச்சை மணி மாலை. எந்த மதத்துக்காரரின் பணத்தையும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. வலது காலில் ஒரு மரப் பாதுகை. தூங்கும்போதும் அதைக் கழற்றமாட்டார் என்று பக்தர்கள் மெய்சிலிர்த்தார்கள். யாராவது பையைத் தொட்டதும் பேண்டு வாத்தியம் காது கிழிய முழங்கும். லட்சுமிக்குச் சத்தம் பிடிக்குமாம்.

இவர்கள் முறை வந்தது. சுகிர்தா ஒரு மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடை ஏறினாள். உள்ளே கனமாக ஏதோ இருந்தது.

"மூணு லட்சம் கொண்டாந்திருக்கோம் சாமி. எங்க பையையும் அந்தப் பை பக்கத்துல வெச்சு ஆசீர்வாதம் பண்ணுங்க."

சித்தரின் கண்ணில் விளக்கு எரிந்தது. "வை தாயே, வை! பீடத்தின் நடுவிலேயே வை!"

சுகிர்தா மஞ்சப்பையைப் பீடத்தில் வைத்தாள். "இன்னொண்ணு சாமி. மேளத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. எங்க சபையில இந்த மாதிரி நேரத்துல அமைதியா ஜெபம் பண்ணுவோம்."

மூன்று லட்சத்துக்காக யார்தான் ஒரு பேண்டை நிறுத்தமாட்டார்கள்? சித்தர் கை காட்டினார். மண்டபம் அடங்கியது. எண்ணூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சித்தர் கண்ணை மூடினார். பாதுகை லேசாக அழுந்தியது.

உம்ம்ம்.

பென்னியின் கை பையின் கைப்பிடியில் இருந்தது. பை நகரவில்லை. ஆனால் அவன் இப்போது பையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, தன் பெயரை யாரோ கூப்பிட்டதுபோல் கேட்டுக்கொண்டிருந்தான். தினம் எட்டு மணி நேரம், பன்னிரண்டு வருஷம் கேட்ட சத்தம் அல்லவா!

"கனக்கிறது! கனக்கிறது!" என்று சித்தர் முழங்கினார். "தாயே, உன் பையையும் தூக்கிப் பார்!"

சுகிர்தா மஞ்சப்பையை இழுத்தாள். அசையவில்லை.

"பார்த்தீர்களா மக்களே! இந்தப் பணம் மூன்று மடங்காகப் பெருகப் போகிறது! மாதம் முப்பது அல்ல, நாற்பதாயிரம் டிவிடெண்ட்!"

"சாமி" என்றாள் சுகிர்தா, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி, "உள்ள பணம் இல்ல. எங்க எடைமேடையில தராசு சரியா இருக்குதான்னு பாக்குற இரும்புக் கல்லு. அஞ்சு கிலோ. இதுக்கும் மாசம் நாப்பதாயிரம் வருமா? வரும்னா சொல்லுங்க, எங்க ஆபீஸ்ல இன்னும் இருவது கல்லு கெடக்குது."

மஞ்சப்பையின் வாயை அவள் விரித்துக் காட்டினாள். கறுப்புக் கல் எல்லாருக்கும் தெரிந்தது. எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், மண்டபமே சிரித்தது.

சித்தர் சமாளித்தார். "இரும்பிலும் லட்சுமி இருக்கிறாள்!"

முன்வரிசையில் இருந்த முத்தம்மாள் எழுந்தாள். கேன்டீனில் சமைக்கிறவள், போன மாதம் நாற்பதாயிரம் கட்டியவள். "அப்போ எறக்கி இந்தப் பிளாஸ்டிக் சேர்ல வையி. இரும்புல இருக்கறவ இதுல மட்டும் உக்கார மாட்டாளா?"

பதற்றத்தில் சித்தர் பாதுகையிலிருந்து காலை எடுத்தார். எடுத்ததும் உம்ம்ம் நின்றது. பென்னியின் கையில் இருந்த பை, ஒரு கணம் பிசின்போல ஒட்டிப் பார்த்துவிட்டு விடுபட்டது. அவனுக்கு மேற்கொண்டு எதுவும் தேவைப்படவில்லை. பையைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தான். சுண்டுவிரலால் தூக்கினான். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஆட்டினான். பிறகு பீடத்தின் பட்டுத்துணியைப் பிடித்து ஒரே இழுப்பு.

உள்ளே செப்புக்கம்பிச் சுருள். அதிலிருந்து ஒரு ஒயர் மேடைக்கு அடியில் ஓடி, புனிதப் பாதுகையில் முடிந்தது. பையின் அடித்தோலைக் கிழித்தால் இரும்புத் தகடு. பையே பர்மா பஜார் போலிச் சரக்கு. பாரிஸை அது கனவிலும் கண்டதில்லை.

"யோவ் ஜெகன்! நீதானா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். "காக்களூர்ல மேக்னெட் காயில் சுத்திக்கினு இருந்தியே!"

அதுவரை செந்தமிழில் அருளிக்கொண்டிருந்த சித்தருக்குச் சட்டென்று ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "அண்ணே, அடிக்காதீங்கண்ணே! காசெல்லாம் உள்ரூம் பீரோல இருக்குது, எடுத்துக்கோங்கண்ணே!"

யாரும் அடிக்கவில்லை. முத்தம்மாள் பீரோ முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். போலீஸ் வரும்வரை ஒரு நோட்டுகூட நகரவில்லை. மேடையில் மீண்டும் பேண்டு வாத்தியம் முழங்கியது. காசு வாங்கியாகிவிட்டதே, பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

பைக்கில் திரும்பும்போது, கவரைப்பேட்டை தாண்டியதும் பென்னி மெதுவாகச் சொன்னான்:

"வெக்கமா கீது சுகி. ஊர்ல யார் ஏமாந்தாலும் பரவால்ல. நான் மேக்னெட் ஓட்டறவன்."

"ஆமா, வெக்கப்படு" என்றாள் அவள். அப்புறம் அவன் முதுகில் சாய்ந்துகொண்டாள். "வெள்ளிக்கிழம பத்திரம் பண்ணும்போது சிரிச்ச மூஞ்சியோட வா."

மறுநாள் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் பென்னி அவளை எடைமேடையில் இறக்கிவிட்டான். அங்கே வாசலில் பழைய போர்டு ஒன்று உண்டு: "எடை போடும்போது டிரைவர், கிளீனர் வண்டியை விட்டு இறங்கி நிற்கவும்." சுகிர்தா சாக்பீஸை எடுத்து, அதன் கீழே ஒரு வரி சேர்த்தாள். இன்றைக்கும் மழையில் அழிந்தால் மறுபடி எழுதுகிறாள்.

"மூளையை மட்டும் எங்கேயும் இறக்கி வைக்க வேண்டாம்."