பதினோரு மனுவும் ஏழு புழுவும்

நவம்பர் 9, ஞாயிறு, காலை 6 மணி 10 நிமிடம். இரவு பெய்த மழை விட்டிருந்தது. மேற்கே மட்டும் கொஞ்சம் மேகம். தூறல் இல்லை, ஆனாலும் குடை எடுத்துக்கொண்டேன். (எட்டுக் கம்பி, ஒன்று வளைந்தது.) அன்றைய நேரத்தையும் வானிலையையும் இவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிற எனக்கு, அன்று ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பதற்கு மட்டும் இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

நான் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. எண்ணுவதற்கு மாணவர்கள் இல்லாததால் எங்கள் தெருவிளக்குகளை எண்ணினேன், மாடிப்படிகளை எண்ணினேன், என் மனைவி எஸ்தர் ஒரு நாளில் எத்தனை பெருமூச்சு விடுகிறாள் என்றும் எண்ணினேன். அதைச் சொன்னதும் இன்னொன்று விட்டாள்.

எங்கள் வீட்டுக்கு வடக்கே ஒரு காலி மனை. உரிமையாளர் கோயம்புத்தூரில் இருக்கிறார். மனை முழுக்கப் புதர். பாம்பு வருமோ, கொசு வருமோ என்று எனக்கு ஓயாத கவலை. (அதுவரை வந்த பாம்பு: பூஜ்யம். ஆனால் இனி வராது என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்?) ஆகவே அதைச் சுத்தம் செய்யக் கோரி நகராட்சிக்கு மனு எழுதினேன். ஒன்றல்ல, இரண்டு வருடத்தில் பதினொன்று. ஒவ்வொன்றிலும் மனையின் நீள அகலத்தோடு வரைபடம் உண்டு. ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஜூலையில் ஒரு ஞாயிறு, அந்த மனைக்குள் ஏழு பேர் குனிந்து நின்றார்கள். பதினோராவது மனு கொடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பலித்துவிட்டது என்று நினைத்து, எஸ்தரிடம் ஏழு பேருக்குக் காப்பி போடச் சொல்லிவிட்டு ஓடினேன். ஆனால் அவர்கள் செடிகளைப் பிடுங்கவில்லை, படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் தானாக முளைக்கிற செடிகளைத் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்துப் பதிவு செய்கிற தன்னார்வக் குழுவாம். நடத்துகிறவர் இசக்கியம்மாள், தனியார் பள்ளி ஒன்றின் அறிவியல் ஆசிரியை.

"சார், அங்கனயே நில்லுங்க. ஒங்க காலுக்குப் பக்கத்துல கீழாநெல்லி நிக்கி."

"எத்தனை?"

"எண்ணலையே சார்."

எண்ணவில்லையாம்! பிறகு எதற்குப் பதிவு? அவர் கையிலிருந்த நோட்டை வாங்கி, உட்கார்ந்து எண்ணினேன். கீழாநெல்லி இருபத்துமூன்று. அன்றோடு குழுவில் எட்டாவது ஆளானேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. சாக்கடை ஓரத்து மூக்கிரட்டை, கோயில் மதிலில் தொங்கும் அரசங்கன்று, பஸ் நிலையத்துக்குப் பின்னால் குப்பைமேனி எல்லாம் என் நோட்டில் எண்ணாக ஏறின. எங்கள் பக்கத்து மனையில் மட்டும் நாற்பத்தொரு வகை இருந்தது. மனுக்களைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஒருநாள் இசக்கியம்மாள், "யாராவது மனு கினு போட்டு இதச் சுத்தம் பண்ணிருவாங்களோன்னு பயமா இருக்கு சார்" என்றார்.

"மனு எழுதுறவனுக்கு வேற வேலை இருக்காது" என்றேன். (இது உண்மைதான்.)

மனுவைத் திரும்பப் பெற்றிருக்கலாமே என்று கேட்பீர்கள். பதினொன்றுக்கு வராதவர்கள் இனியா வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்று ஆடுதின்னாப்பாளை. தரையோடு படரும் சின்னக் கொடி. ஆடு வாய் வைக்காது. மனையில் ஒரே ஒரு கொடிதான் இருந்தது. அதில் ஏழு புழுக்கள். கருத்த உடம்பில் சிவப்பு மொட்டுகள், நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை. சிவப்பு உடம்புள்ள ஒரு பட்டாம்பூச்சியின் புழுவாம்; இந்தக் கொடியும் இதன் சொந்தக்காரக் கொடிகளும் இல்லாவிட்டால் அதற்குச் சாப்பாடே கிடையாதாம். புழுக்கள் கூடு கட்டும் வரை பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இசக்கியம்மாள் என்னிடம் கொடுத்தார். காலை, மாலை இரண்டு வேளையும் எண்ணினேன். ஏழு. ஏழு. ஏழு. ஓய்வு பெற்ற பிறகு என்னை நம்பி ஒருவர் கொடுத்த முதல் வேலை அது.

இப்போது நவம்பர் 9. எட்டு மணிக்கு எங்கள் வேதக்கோயிலில் ஆராதனை என்பதால் அங்கே போகிற வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடே செடி பார்க்கப் போனேன். குழு முழுவதும் மனையில் கூடியிருந்தது. 6.40க்குத் தெருமுனையில் மஞ்சளாக ஒரு பொக்லைன் திரும்பியது. கூடவே ஒரு மேற்பார்வையாளர், கையில் கோப்பு. மழைக்காலச் சிறப்புத் துப்புரவாம்.

அவர் இறங்கிப் பேசத் தொடங்குவதற்குள் வண்டி ஓரத்துப் புதரை ஒரு வாரு வாரிவிட்டது. அடுத்தது கொடி இருக்கும் இடம். நான் குடையைப் போட்டுவிட்டு ஓடி, நிறுத்து நிறுத்து என்று இரண்டு கையையும் ஆட்டினேன். இயந்திரச் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை. நான் வழி காட்டுவதாக நினைத்து ஓட்டுநர் இன்னும் நெருங்கி வந்தார். நான் வேகமாக ஆட்டினேன். அவரும் வேகமாக வந்தார். வேறு வழி தெரியாமல் கொடிக்கு முன்னால் தொப்பென்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் நெருஞ்சி. (பிறகு எஸ்தர் எடுத்த முட்கள் முப்பத்தேழு. எங்கிருந்து என்று எழுத மாட்டேன்.)

வண்டி நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார். "ஏ பெரியவரே! வா வான்னு கையக் காட்டிட்டு இப்ப உக்காந்து போராட்டமா பண்ணுதிய?"

மேற்பார்வையாளர் கோப்பைத் திறந்தார். "அண்ணாச்சி, எந்திரிங்க. இந்தத் தெருக்காரரு ஒருத்தரு ரெண்டு வருசமா எங்களத் தூங்க விடல. பதினோரு மனு. படம் போட்டு, அளவு போட்டு, 'மேற்படி புதரை வேரோடு அகற்றி'ன்னு சிவப்பு மையில அடிக்கோடு வேற போட்டிருக்காரு." கடைசியில் இருந்த பெயரைச் சத்தமாக வாசித்தார்.

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"மனு போட்டது யாரு?"

"நான்தான்."

"இப்ப மறிக்கது?"

"அதுவும் நான்தான்."

"ஒங்களுக்குள்ள மொதல்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க அண்ணாச்சி. நாங்க டீ குடிச்சிட்டு வாரோம்."

இசக்கியம்மாள் நான் போட்ட குடையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. அதற்குள் ஓட்டுநர் இறங்கி வந்து என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஊர் இளையரசனேந்தல் பக்கம், வீட்டில் ஆடு உண்டாம். "இது ஆடுதின்னாப்பாளைல்லா! இதுக்கா சாமி உக்காந்திய? வாயத் தொறந்து சொல்லிருந்தா சுத்திப் போயிருப்பேனே" என்றார்.

செடி நோட்டிலேயே ஒரு தாள் கிழித்துப் பன்னிரண்டாவது மனுவை எழுதினேன்: முந்தைய பதினொன்றையும் மிகவும் பணிவுடன் திரும்பப் பெறுகிறேன். மேற்பார்வையாளர் அதையும் கோப்பில் சேர்த்துக்கொண்டு போனார்.

எழுந்து புழுக்களை எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறு. ஏழு பேரும் மண்டியிட்டு இருபத்தைந்து நிமிடம் தேடினார்கள். கிடைக்கவில்லை.

"நசுங்கியிருக்கும் சார். விடுங்க" என்றார் இசக்கியம்மாள். நசுக்கியது பொக்லைன் அல்ல, நான் உட்கார்ந்த வேகம்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

எஸ்தர் சுற்றுச்சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "ஏங்க, பொதர்ல கெடந்தது போதும். கோயிலுக்கு நேரமாச்சு." முள்ளை எடுத்து, வேட்டியை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பினாள். சட்டையை மாற்ற நேரமில்லை.

நாலாவது பெஞ்சில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் பிரசங்கம் கேட்டேன். அடுத்துக் காணிக்கைப் பாட்டு தொடங்கியது. பின்பெஞ்சுக்காரர் என் தோளைத் தட்டினார். "சார்வாள், அசையாதிய. காலர்ல என்னமோ ஊருது."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கருப்பு உடம்பு, சிவப்பு மொட்டு. ஏழாவது! அதை எதில் வைப்பது? கையில் இருந்தது காணிக்கைக் கவர் ஒன்றுதான். உள்ளே இருந்த ஐம்பது ரூபாயை அவசரமாகப் பாக்கெட்டில் திணித்தேன். புழுவைக் கவருக்குள் விட்டேன். சரியாக அந்த நிமிடம் காணிக்கைப் பை எங்கள் பெஞ்சுக்கு வந்து என் முன்னால் நீண்டது. நான் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து, நடுவழியாக வெளியே ஓடினேன். இருநூற்றுச் சொச்சம் பேர் பாட்டை நிறுத்தாமல் பார்த்தார்கள்.

கொடியில் அதை இறக்கிவிட்டபோது இசக்கியம்மாள் அங்கேயே இருந்தார். "ஏழு" என்றேன். "நோட்டுல திருத்துங்க சார்" என்று நோட்டை நீட்டினார். அதற்குப் பிறகு பதினோரு மனுவைப் பற்றி அவர் பேசவில்லை. பொறுப்பையும் திரும்பக் கேட்கவில்லை.

வீட்டில் அப்படி இல்லை. பேரப்பிள்ளைகள் வந்தால் எஸ்தர் முதலில் சொல்வது, "தாத்தா காணிக்கையத் தூக்கிட்டு ஓடுன கதை". எங்கள் கோயிலில் பை என் பெஞ்சுக்கு வரும்போது பின்னால் இருப்பவர் இன்றைக்கும், "சார்வாளுக்கு வழி விடுங்க" என்கிறார். பிரசங்கம் செய்கிற ஐயர்கூடச் சிரிக்கிறார்.

போன மானத்தை மீட்க, அடுத்த ஞாயிறு முதல் ஐம்பதுக்குப் பதில் நூறு ரூபாயாக, கவரில் போடாமல், எல்லாரும் பார்க்கும்படி விரித்துப் போடுகிறேன். இன்றோடு நாற்பத்துமூன்று ஞாயிறு. கூடுதல் செலவு 2,150 ரூபாய். கூடு கிழித்துப் பறந்த பட்டாம்பூச்சிகள் ஏழு. ஒன்றுக்கு 307 ரூபாய் 14 பைசா.