கடலுக்குள்ளிருந்து வந்த தேத்தண்ணி

கனவு காண்கிறவர்கள் கையில் மடிக்கணினியைக் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் கணினியும் கணிதமும் படிப்பது குறைவு என்று, அப்படிப் படிப்பவர்களுக்கு உதவித்தொகை தரும் ஓர் அமைப்பு என்னைக் காணொளி நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. கிடைக்காவிட்டால் விடுதிச் செலவுக்கு வழியில்லை. படிப்பை விட வேண்டியதுதான்.

கண்டிக்குப் பக்கத்து அலவத்துகொடவில் வாப்பாவின் மரக்கறிக் கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. மேசையில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் வெங்காய மூட்டைகள். (கஷ்டப்பட்டவர்களுக்கான உதவியைக் கேட்டுவிட்டு, கஷ்டத்தை மறைக்கப் பார்த்த ஒரே புத்திசாலி நானாகத்தான் இருப்பேன்.) இரவல் மடிக்கணினியில் ஒரு நீலக் கடலைத் தேடிப் பின்னணியாகப் போட்டேன். உம்மாவிடம் அந்தப் பக்கமே தலைகாட்ட வேண்டாம் என்றேன்.

வெளியே பனிமூட்டம், திரையில் கடல். பேசப் பேச, உண்மையிலேயே கரையில் இருப்பதுபோல் மிதந்தேன். காற்றுக்கூட வீசியது (மின்விசிறி). நேர்முகம் செய்த யாழ்ப்பாணத்து மேடம் குடும்ப நிலைமையைக் கேட்டார். நெஞ்சுருகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது கடலைப் பிளந்துகொண்டு வளையல் போட்ட ஒரு கை வந்தது.

"தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் பேசுங்க மகள்."

கை மட்டும்தான் தெரிந்தது. கோப்பையைக் கடல் விழுங்கிவிட்டது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "கை தெரியுது, கோப்பை ஏன் தெரியேல்லை பிள்ளை?"

மனப்பாடம் செய்த அத்தனையும் போயிற்று. ஆனால் கேள்வி அழகாக இருந்தது. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் மனிதரா, பின்னணியா என்று கணினி ஊகிக்கிறது. அதற்குக் கைகளைப் பழக்கியிருக்கிறார்கள், எங்கள் வீட்டுக் கோப்பையைப் பழக்கவில்லை என்றேன். தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி நிகழ்தகவு வரைக்கும் போய்விட்டேன். அந்த வேகத்தில், வித்தியாசம் தெரியட்டும் என்று கடலை எடுத்தும் காட்டினேன்.

வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உம்மா குந்திக்கொண்டிருந்தார். படத்தில் விழுந்துவிடக் கூடாதென்று தலையைக் குனிந்து, கையை மட்டும் நீட்டியபடி. என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

"அம்மாவைக் கதிரையில இருக்கச் சொல்லும். கால் உளையும்," என்றார் மேடம்.

உம்மா உட்கார்ந்தார். மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார், வெங்காய விலை உட்பட.

உதவித்தொகை கிடைத்தது. படித்து முடித்து இப்போது கண்டியில் வேலை செய்கிறேன். வீட்டிலிருந்து காணொளிக் கூட்டம் என்றால், உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். எழும்பச் சொன்னால் கடையிலிருந்து வாப்பாவின் குரல் வரும்:

"ஸ்கொலர்ஷிப் எடுத்தது உம்மாதானே மகள். நீங்க சும்மா பக்கத்துல இருந்தீங்க."