ரேடியோவில் நான் செய்த சத்தியமும் புனித ஹெட்விக் கோயில் வாசற்படியும்

போர்ட் காஸிமிர், ஒஹாயோ
என் மகள் கல்யாணத்துக்கு முந்தைய புதன்கிழமை

‘காஸிமிர் கூரியர்’ நாளிதழின் விளையாட்டுப் பக்க ஆசிரியர் அவர்களின் மேலான சமூகத்துக்கு, புலாஸ்கி தெரு நார்பர்ட் கூஹார்ஸ்கி, ஓய்வுபெற்ற நகரப் பேருந்து ஓட்டுநர், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும், அறுவை சிகிச்சை முடிந்ததாகத் தாங்களே பத்திரிகையில் எழுதியிருந்த தங்கள் முழங்காலும் நலம் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி ஜோன் நலம். மகள் கெல்சி போன மாதம் வரை நலமாகத்தான் இருந்தாள். நான் நலமாக இல்லை. அதற்குத் தங்கள் பத்திரிகையும் ஒரு காரணம் என்பதை மரியாதை குறையாமல் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஸ்டோக்கர்ஸ் ஃபுட்பால் அணி முதல் முன்னோட்ட ஆட்டம் ஆடிய மறுநாள், தங்கள் கட்டுரையாளர் க்ளென் ட்ராஸ்க் ‘விடிவெள்ளி உதித்தது’ என்று தலைப்புக் கொடுத்து, கேடன் ப்ருயிட் என்கிற அந்தப் பையனின் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார். ஐயா, அந்த ஆட்டத்தை நான் மைதானத்தில், என் அப்பா எனக்கு விட்டுப்போன அதே சீட்டில், ஆகஸ்டு வெயிலில் வெந்துகொண்டு பார்த்தவன். ட்ராஸ்க் எங்கே உட்கார்ந்து பார்த்தார் என்று தெரியவில்லை. பார்த்தாரா என்றே எனக்குச் சந்தேகம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் என்றால் நமக்கு ரஸ் மக்கின்டயர்தான். வயதாகிவிட்டது, ஓடச் சொன்னால் பீரோவை நகர்த்துவது போலத்தான் நகர்வார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பந்து கைக்கு வந்ததும் யாருக்கு எறிவது என்று பார்ப்பார், பார்த்தவருக்கு எறிவார், எறிந்தது போய்ச் சேரும். கணக்கில் சேராத ஆட்டம்தானே என்று அவரை நாலு தடவை எறியவிட்டு, தொப்பியை மாட்டி, கையில் துண்டைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். மீதி ஆட்டம் முழுக்க இந்தப் பையன். பந்து வந்ததும் இடப்பக்கம் ஓடினான். அங்கே யாரும் இல்லை. வலப்பக்கம் ஓடினான்; அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் எதிரணி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு எறி எறிந்தான். அது ஓரத்தில் தண்ணீர் கொடுக்க நின்ற மனுஷன் நெஞ்சில் போய் விழுந்தது. அவர் அழகாகப் பிடித்தார். அன்றைக்கு நம் பக்கத்தில் பந்தைச் சரியாகப் பிடித்தது அவர் ஒருவர்தான்.

பையனையாவது பையன் என்று விடலாம். விக் டார்னெல் என்று ஒருவர், மேலே கண்ணாடி அறையில், ஏ.சி. காற்றில் உட்கார்ந்துகொண்டு, அடுத்து என்ன ஆடுவது என்று குவார்ட்டர்பேக் காதுக்குள் ஓதுவதற்குச் சம்பளம் வாங்குகிறாரே, அவரை என்ன செய்வது? பத்து கஜம் முன்னேற வேண்டிய இடத்தில் ஆளை நட்ட நடுவில் முட்டிக்கொண்டு ஓடச் சொல்கிறார். ஓடினான், முட்டினான், விழுந்தான். இப்போது பதினொரு கஜம் வேண்டும். மறுபடியும் நட்ட நடுவில்! நான் பேருந்து ஓட்டிய காலத்தில், பாலம் மூடியிருக்கிற தெருவிலேயே திரும்பத் திரும்ப வண்டியை விட்டிருந்தால் என்னை வேலையில் வைத்திருப்பார்களா? இதை நான் வாய்விட்டே கேட்டேன். எனக்குப் பக்கத்து சீட்டில், என் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற டைலர் ஹஃப்மன் உட்கார்ந்திருந்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் யார் எப்போது சாவார்கள் என்று கணக்குப் போடுகிற உத்தியோகம். ஆட்டத்தைப் பார்க்காமல் ஃபோனில் ஆட்டத்தின் புள்ளிவிவரத்தைப் பார்க்கிற ஜாதி.

“சார், முன்னோட்ட ஆட்டத்துல எந்த டீமும் எல்லாத்தையும் காட்டாது. நல்ல ஆட்டத்தையெல்லாம் சீசனுக்கு ஒளிச்சு வெச்சிருக்காங்க” என்றான்.

“ஒளிச்சு வெக்கறதுக்கு மொதல்ல கையில ஏதாவது இருக்கணும்ல தம்பி!” என்றேன்.

“ப்ருயிட்டோட எறி வேகம் ரஸ்ஸை விட அதிகம் சார். இங்க பாருங்க, நம்பர்.”

“வேகமா எறிஞ்சு என்னய்யா? தண்ணிக்காரன் நெஞ்சு நோவுது!”

எங்களுக்கு முன் வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ஆள் திரும்பி எனக்குக் கைகொடுத்தான். நான் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் அந்தக் கைகுலுக்கல்தான் என்னைக் கெடுத்தது. ரத்தம் தலைக்கேறிப் போய் பார்க்கிங்கில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது, கூட வந்திருந்த ஜோன் ஃபோனைப் பிடுங்கப் பிடுங்க, நேயர்கள் பேசும் அந்த ரேடியோ நிகழ்ச்சிக்கு அடித்தேன். என் போதாத காலம், உடனே கிடைத்துவிட்டது.

“புலாஸ்கி தெரு நார்ப், லைன்ல இருக்கீங்க, கொட்டுங்க!” என்றார் நிகழ்ச்சி நடத்தும் மிக்கி.

கொட்டினேன். “அந்தப் பையனை மட்டும் சீசனோட மொதல் ஆட்டத்துக்கு மொதல் ஆளா அறிவிச்சாங்கன்னா, அவன் இந்த ஊரை விட்டுப் போற வரைக்கும் நான் புனித ஹெட்விக் கோயிலுக்குள்ள காலடி வைக்க மாட்டேன்! எங்கப்பா சீட்டு மேல சத்தியம்!”

“கேட்டீங்களா நேயர்களே? ஊரே சாட்சி!” என்றார் மிக்கி. மணி வேறு அடித்தார்.

ஐயா, வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். தாடி எடுக்க மாட்டேன், பீர் தொட மாட்டேன் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், யாரும் நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத நான் கோயிலைச் சொன்னால்தான் கனம் இருக்கும் என்று அந்த நேரத்தில் பட்டது. ரஸ் இருக்கும்போது இந்தப் பையனை எவன் இறக்கப் போகிறான் என்ற தைரியம் வேறு. ஃபோனை வைத்ததும் ஜோன் அதை வாங்கித் தன் பைக்குள் போட்டாள். பிறகு, “நார்ப், கெல்சி கல்யாணம் எங்க நடக்கப் போவுதுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?” என்றாள். “எங்க?” என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. சீசன் தொடங்குகிற ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, பகல் இரண்டு மணி, புனித ஹெட்விக் கோயில். ஆட்டம் கெடக் கூடாது என்று சனிக்கிழமையாகப் பார்த்து வைக்கச் சொன்னவனே நான்தான். கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. அதன்மேல் ஸ்டோக்கர்ஸ் ஆட்ட அட்டவணையை ஒட்டியது யார் என்ற விசாரணை இப்போது வேண்டாம்.

கெல்சியிடம், “கண்ணு, நீ கவலைப்படாத. ரஸ் கல்லு மாதிரி இருக்காரு” என்று சொல்லிவைத்தேன். கல்தான்! இரண்டாவது முன்னோட்ட ஆட்டத்தில் தேசிய கீதத்துக்கு நெஞ்சில் கைவைத்து விறைப்பாக நின்றவர், பாட்டு முடிந்து திரும்பினார் பாருங்கள், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஆடி அல்ல ஐயா, திரும்பி! தூக்கிக்கொண்டு போனார்கள். நேற்றுக் காலை தங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில், ‘ஞாயிறன்று ப்ருயிட்தான்’ என்று கொட்டை எழுத்தில் பார்த்தேன். காபியைக் கீழே வைத்துவிட்டு நேரே பங்குச்சாமியார் ஃபாதர் லெஸ்ஸைப் பார்க்க ஓடினேன். கோயில் கூடத்தில் பெண்கள் கல்யாணத்துக்கு உருளைக்கிழங்கு பூரணம் வைத்து பியரோகி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஃபாதர் ருசி பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஃபாதர், என்னை அந்தச் சத்தியத்துலேர்ந்து விடுவிச்சிடுங்க.”

“கடவுள்கிட்ட பண்ணின சத்தியம்னா இப்பவே விடுவிச்சிருப்பேன் நார்ப், அவர் மன்னிக்கிறவர். நீ ரேடியோவுல பண்ணிட்டியே.”

“ஃபாதர், எம் பொண்ணு கல்யாணம்!”

“எட்டி சோப்சாக்கை மறந்துட்டியா?” என்றார் அவர். பியரோகி மடித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. எட்டியைத் தங்களுக்கும் தெரியும். கோப்பை வரும்வரை தாடி எடுப்பதில்லை என்று இதே மிக்கியிடம் சத்தியம் செய்துவிட்டு, அவன் அம்மா சவ அடக்கத்துக்குத் தாடியை வழித்தான். மறுநாள் ஆட்டத்தில் நம் கடைசி உதை கம்பத்தில் பட்டுத் திரும்பி, கோப்பை கைநழுவிப் போயிற்று. பாவம், ஊர் ஏச்சுத் தாங்காமல் இப்போது இண்டியானாவில் இருக்கிறான்.

“நீ சத்தியத்தை மீறி உள்ள வந்தா, மறுநாள் ஆட்டம் அவ்வளவுதான்” என்றார் ஸ்டெல்லா நோவாக், கையில் மாவோடு. “அப்படி ஏதாவது பண்ணினீன்னா இந்த பியரோகியையெல்லாம் வாரிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன், ஆமா!”

“அம்மா, தோத்தா அது டார்னெல் பண்ணற கூத்தால தோப்போம்! நட்ட நடுவுல ஓடவிட்டே தோப்போம்! என் கால் என்ன பண்ணிச்சு?” என்று கத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை. ஃபாதர் என் தோளில் கைபோட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டு, “படிக்குக் கீழ ஒரு நாற்காலி போடச் சொல்றேன், நல்ல நாற்காலி” என்றார். பூசை வைக்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது?

நேற்று சாயங்காலம் கெல்சி வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். கத்தவில்லை. “அப்பா, நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது என்னைத் தோள்ல வெச்சுக்கிட்டு ஸ்டேடியத்துல மேல் வரிசை வரைக்கும் ஏறுவியே. கோயிலுக்கு நாலே படிதான்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். டைலர் பின்னால் நின்று முதன்முறையாக ஃபோனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். ஒரே மகள். அவள் கையைப் பிடித்து அழைத்துப் போக ஆள் இல்லாமல் தனியாக நடக்கப் போகிறாள், நான் பாட்டுக்குக் கீழே நாற்காலியில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறேன்!

ஆகவே, நான் கேட்பது ஒன்றுதான். நாளைக்கே தாங்கள் தலையங்கம் எழுத வேண்டும். ப்ருயிட்டைக் கொண்டுபோய்த் தண்ணீர் வாளி பக்கத்தில் உட்காரவையுங்கள், டார்னெலைக் கண்ணாடி அறையிலிருந்து இறக்கிப் பார்க்கிங் டிக்கெட் கிழிக்க விடுங்கள், ரஸ்ஸை ஒற்றைக் காலோடாவது இறக்குங்கள் என்று எழுத வேண்டும். சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குள் அறிவிப்பை மாற்றிவிட்டால் என் சத்தியமும் செல்லாது, என் மகளும் என் கையைப் பிடித்து நடப்பாள். இந்தக் கடிதத்தை ஒரு வரி குறைக்காமல், என் முழுப்பெயரோடு, ட்ராஸ்க் கட்டுரை வந்த அதே இடத்தில் போட வேண்டும். அந்த ஆளுக்கு உறைக்கட்டும்.

தங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கவும், தங்கள் பத்திரிகை பல்லாண்டு காலம் மழையில் நனையாமல் எங்கள் வாசலில் வந்து விழவும் புனித ஹெட்விக் அம்மாளை, வெளியே நின்றபடியே, வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும்,
நார்பர்ட் கூஹார்ஸ்கி

பின்குறிப்பு (திங்கட்கிழமை): இந்தக் கடிதம் அனுப்பப்படாமல் என் கல்யாணக் கோட்டுப் பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. நல்லவேளை. சனிக்கிழமை கெல்சியைக் கோயில் படி வரைக்கும் கூட்டிவந்தேன். நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் என் கையை விட்டுவிட்டு, “சரிப்பா, நீ உக்காரு” என்று சொல்லி முதல் படியில் ஏறினாள். என்னால் உட்கார முடியவில்லை. அடுத்த படியில் அவள் கை மறுபடி என் கைக்குள் இருந்தது, அதற்கடுத்து நாங்கள் இரண்டு பேரும் உள்ளே இருந்தோம். ஆர்கன் சத்தத்துக்கும் மேலாக, கோயில் முழுக்க ஒரு ‘ஐயோ’ கேட்டது, உதை கம்பத்தில் பட்டால் ஸ்டேடியத்தில் கேட்குமே, அதே ‘ஐயோ’. ஃபாதர் லெஸ் என்னைப் பார்த்த பார்வை என் எதிரிக்குக்கூட வரக் கூடாது. விருந்தில் எனக்கு வந்த பியரோகி ஆறிப்போயிருந்தது. போகட்டும், நான் என் மகளோடு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெளியூரில் நடந்த ஆட்டத்தைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். கடைசி நிமிடம், டார்னெல் மறுபடியும் நட்ட நடுவில். நான் செருப்பைக் கழற்றி டி.வி.யைக் குறிபார்த்துவிட்டேன். எதிரணி மொத்தமும் நடுவில் வந்து குவிந்தது. பந்து அங்கே இல்லை! அந்தத் தங்கக் கட்டி ப்ருயிட் பந்தை இடுப்போரம் மறைத்துக்கொண்டு நழுவி, ஆள் இல்லாத மூலையில் நின்ற நம்மவனுக்கு எறிந்தான் பாருங்கள், ஜெயித்தோம். ஆகஸ்டு முழுக்க நடுவில் முட்டியது இதை ஒளித்து வைக்கத்தானாம். டைலர், “சொன்னேன்ல?” என்றுகூடக் கேட்கவில்லை, நல்ல பிள்ளை.

ஐந்து நிமிடத்தில் ஃபாதரின் ஃபோன் வந்தது. “நார்ப், வர்ற சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வந்துடு. அதே கோட்டு, அதே டை. கெல்சி அதே கவுன்ல வரட்டும்.”

“கல்யாணந்தான் முடிஞ்சுபோச்சே ஃபாதர்!”

“கல்யாணம் எவனுக்குய்யா வேணும்? நீ சத்தியத்தை மீறினதாலதான ஜெயிச்சோம். சீசன் முடியற வரைக்கும் வாரா வாரம் மீறிட்டுப் போ!”

புள்ளிவிவரப் புலியான என் மாப்பிள்ளை தேனிலவுக்கு வாங்கிய விமான டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, “ஒரே ஒரு ஆட்டத்தை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுப்பா, நாலஞ்சு வாரம் நடந்து பாத்துடுவோம்” என்கிறான். கெல்சியிடம் கஷ்டமா கண்ணு என்று கேட்டேன். “வாரா வாரம் உன் கையப் புடிச்சுக்கிட்டு நடக்கறது எனக்கென்னப்பா கஷ்டம்?” என்றாள். கண் கலங்கிவிட்டது, அது வேறு விஷயம்.

ஆகையால், மேலே எழுதிய ஒரு வரிகூட அச்சில் வரக் கூடாது. ரஸ்ஸுக்குக் கெண்டைக்கால் சரியாகிவிட்டது, அடுத்த வாரம் இறங்கலாம் என்று இன்றைய பத்திரிகையில் ட்ராஸ்க் எழுதியிருக்கிறார். யார் கேட்டார்கள் அந்த ஆளை? ரஸ்ஸை இறக்கினார்களோ, நான் சத்தியமாக மிக்கிக்கு ஃபோன் போட்டு— ஜோன் ஃபோனை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். மீதியை நேரில் பேசிக்கொள்ளலாம், சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கோயிலுக்கு வாருங்கள். இடப்பக்க வரிசைகளுக்கு இப்போதே துண்டு போட்டுவிட்டார்கள், வலப்பக்கம் பாருங்கள்.