பூனைவணங்கியும் என் மேனியும்

இந்த வீட்டில் இனிமேல் பூனைகள் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். கெங்கம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வெளியே போவது யார் என்று எனக்குத் தெரியும்.

என் மனைவி கெங்கம்மா நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கிறவள். மிஞ்சின தலையும் வாலும் பூனைகளுக்கு. நான் கன்டெய்னர் யார்டில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் படுத்தால், தின்றதைச் செரிக்க நாலு பூனைகளும் என் நெஞ்சில்தான் ஏறும். அதுகளை விரட்டினால் அவள் என்னை விரட்டுவாள்.

கூட வேலை செய்யும் சுப்பராயன்தான் வழி சொன்னான். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பேர் உண்டாம். அதன் வேரை மோந்தால் பூனை சொக்கிப்போய் அங்கேயே புரளுமாம். செடியை வளர்த்து, தழைத்ததும் பாழடைந்த ஐஸ் கொட்டகைப் பக்கம் கொண்டுபோய் வேர் வெளியே தெரியப் பிடுங்கிப் போட்டுவிட்டால், நாலும் அங்கேயே குடியேறிவிடும்.

தெருமுனைக் குப்பை மேட்டில் முளைத்திருந்ததைப் பிடுங்கிவந்து, மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில் நட்டேன். இன்னாத்துக்கு இந்தக் களை என்று கெங்கம்மா கேட்டாள். உடம்பெல்லாம் அரிப்பு, அதற்கு மருந்து என்றேன். சரி என்றாள். கல்யாணமான நாளாக என் பேச்சை நம்பாதவள் அன்றைக்கு நம்பினாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

செடி நன்றாகத் தழைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கப் போனேன். வெறும் மண்தான் இருந்தது. கெங்கம்மா வேரும் இலையுமாக, உப்பும் மஞ்சளும் வைத்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

"சட்டையக் கழட்டு."

"இப்போ கொறஞ்சிகீது கெங்கா."

"கொறஞ்சா போதுமா? அடியோட போவ வாணாம்?"

கழுத்திலிருந்து கணுக்கால் வரை அப்பினாள். காயட்டும் என்று வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். குப்பைமேனி ஏறியதில் என் மேனி குப்பையானது.

முதலில் எங்கள் வீட்டு நாலும் வந்தன. அப்புறம் பக்கத்து வீட்டு தேசப்பனின் கடுவன். அப்புறம் குப்பத்தில் நான் பார்த்தே இராத பூனைகள். ஒன்று மடியில் புரண்டது, ஒன்று தோளில் ஏறிக் கன்னத்தோடு கன்னம் தேய்த்தது, ஒன்று காலை நக்கிக்கொண்டே இருந்தது. தேசப்பன் வலையைக் கீழே போட்டுவிட்டு, பெண்சாதியைக் கூட்டிவந்து காட்டினான். மானம் போனதில் உண்மையைக் கக்கிவிட்டேன். அரிப்பு கிரிப்பு ஒன்றுமில்லை, பூனைகளை ஓட்டத்தான் வளர்த்தேன் என்றேன்.

"தெரியும்யா," என்றாள் கெங்கம்மா. "அரிப்பு கீறவன் சொறிவான். நீ கொறட்டதான வுட்டுகினு இருந்தே?"

நான் எழுந்தேன். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

"எய்ந்திரிக்காத. பின்னாடி நெத்திலி காயப் போட்டுகீறேன். நீ இங்க குந்திகினு இருந்தா ஒரு பூனையும் அந்தாண்ட போவாது."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு அரிப்பு.