என் ஐடியில் இருக்கும் முகம்

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று கொப்பியில் நூறு தரம் எழுதி, கையெழுத்துக்குப் பரிசும் வாங்கியவள் நான். எழுதியதோடு சரி.

பதினாறு வயதில் என் முகத்தில் பரு இல்லாத இடம் மூக்குத் துவாரம் மட்டும்தான். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஐந்து நாள் இருந்தது. (சண்டைக் காலம். ஐடி இல்லாமல் பரீட்சையும் எழுத ஏலாது, படைக்காரர் மறித்துச் சோதிக்கும் சென்றியும் தாண்ட ஏலாது.) அக்கா என்னை டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் இரண்டு மருந்து சேர்ந்த ஒரு ரியூப் தந்தார்.

"பயறளவு எடுத்து, இரவில ஒருக்கா மெல்லிசாப் பூசும் பிள்ளை. வெயிலில திரியாதையும். ஆறேழு கிழமை பொறுக்கோணும்."

ஆறேழு கிழமையா? கணக்கில் நான் கெட்டிக்காரி. பயறளவை ஐந்து மடங்காக்கி, மூன்று நேரமும் பாணுக்கு மாஜரீன் பூசுவதுபோல் பூசினேன். எரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்னொரு பூச்சு. பிறகு அன்புவழிபுரத்து வெயிலில் சைக்கிளில் ரியூசன் வகுப்புக்குப் போனேன்.

நாலாம் நாள் முகம் வீங்கித் தோல் உரிந்தது. அக்காவின் நாவல்நிறத் தலையணை உறைகூட மருந்து பட்டு வெளுத்திருந்தது.

"என்னடி செய்தனி?"

"கொஞ்சம் கூடப் பூசினனான்."

"கொஞ்சமோ? ரியூப்பில ஒண்டுமில்லையே!"

அடுத்த நாள் பள்ளிக்கூட அதிபர் ஐடி விண்ணப்பங்களை அனுப்புகிறார், தள்ளிப்போட வழியில்லை. கறுப்பு வெள்ளைப் படம்தானே, சிவப்புத் தெரியாது என்று போய்க் கமராவுக்கு முன்னால் இருந்தேன். உரிந்தது தெரிந்தது. படக்காரர் "சிரியுங்கோ" என்று சொல்லவே இல்லை.

முகம் ஆறிய பிறகு ஐடி வந்தது. துறைமுகத்துச் சென்றியில் ஒரு நேவிக்காரன் ஐடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இது... உங்கட அம்மா?"

அடுத்தவரின் ஐடியில் வந்தவள் என்று பிடித்துவிட்டால்? கூட வந்த அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. என் முகத்தில் பூசுவதுபோலவும், எரிந்து குதிப்பதுபோலவும், தோலை உரிப்பதுபோலவும் ஒரு நாடகமே ஆடினாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். அப்போதுதான் கண்டேன், அவன் கன்னமெல்லாம் பரு.

"மருந்து... பேர்?" என்று மெதுவாகக் கேட்டான்.

அக்கா பெயரைச் சொல்லி, விரல் நுனியைக் காட்டினாள். "இவ்வளவுதான். பயறளவு!"

அதன்பிறகு அவன் என் ஐடியைக் கேட்டதே இல்லை. என்னைக் கண்டதும் விரல் நுனியைக் காட்டுவான். ஒரு திங்கட்கிழமை அங்கே வேறொருவன் நின்றான். எங்கே மாற்றினார்களோ, என்ன ஆனானோ! அவனுக்குப் பரு ஆறியிருக்க வேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன்.

இப்போது என் மகளுக்குப் பரு. அவள் ரியூப்பைத் திறந்தால் போதும், குசினிக்குள் இருந்து அக்கா கத்துவாள்: "முதல்ல கொம்மான்ர ஐடியைப் பாத்துப்போட்டுப் பூசு!"

அவளும் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, பயறளவிலும் பாதிதான் எடுக்கிறாள்.